அருங்காட்சியகமும் நம் குழந்தைகளும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலர்க் குழுவினர் என்னிடம் கல்வி வரலாறு பற்றி ஒரு கட்டுரை கேட்டனர். நம் மக்களுக்குப் பள்ளிகள் திறந்த வரலாற்றையும், விடுதிகள் வந்த வரலாற்றையும், உதவித்தொகை கிடைத்த வரலாற்றையும் எழுத என்னிலும் தகுதியுடையோர் இருக்கின்றனர். ஆகவே, நம்மவர் அதிகம் எண்ணிப் பாராத ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். சிறு குழந்தைகள் விளையாட்டின் வாயிலாக அறிவியல் கற்பதற்கு அருங்காட்சியகங்கள் எவ்வாறு துணை நின்றன, அத்துணை நம் குழந்தைகளுக்கு எப்போது, எந்த அளவில் கிட்டிற்று என்பதே அப்பொருள்.

'வயிற்றுப்பாட்டுக்கே வழி தேடும் நமக்கு வேடிக்கை பார்ப்பதும் ஒரு கல்வியா?' என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், நம் தெருப் பிள்ளைகள் என் அறைக்கு வருகின்றனர். நல்ல மதிப்பெண் பெற்றவர்கள்கூட, 'சயின்ஸ் குரூப் வேண்டாங்க சார்' என்கின்றனர். காரணம் கேட்டால், பயம் என்கின்றனர். அந்தப் பயம் பதினைந்து வயதில் வந்ததன்று; ஆறு வயதிலும் ஏழு வயதிலும் வந்தது. கையால் தொட்டு, உருட்டி, உடைத்து, மீண்டும் பொருத்திப் பார்க்காத ஒன்றைப் புத்தகத்தில் மட்டும் கண்ட குழந்தைக்கு அது அயலான் வீட்டுப் பொருளாகவே இருந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இந்த வரலாறு சென்னை எழும்பூரிலிருந்து தொடங்குகிறது. சென்னை அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் தோன்றியது. 1854இல் எழும்பூருக்கு வந்தது. அதன் முதற்பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் ஒரு மருத்துவர். கல்லையும் எலும்பையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினால் மட்டும் போதாது என்று அவர் கருதினார் போலும். 1855இல் அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். அவ்விலங்குக் கூடமே பின்னர் 1863இல் மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. சென்னைப் பாமர மக்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். இதைப் படித்தவர்கள் நகைச்சுவையாகவே சொல்லிச் சிரிப்பதுண்டு. எனக்கோ இதில் சிரிப்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. எழுத்தறியாத கூலி மக்கள் அவ்விரண்டு இடங்களையும் 'காலேஜ்' என்றே அழைத்தனர். கற்கும் இடம் இது என்பதை அவர்கள் தாமே கண்டுகொண்டனர்.

ஆனால், அதே அருங்காட்சியகத்தில் நம் முன்னோர்க்கு வேறொரு பங்கும் கொடுக்கப்பட்டது. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னாட்டுச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வெளிவந்த ஏழு தொகுதிகளுக்கு ஆசிரியர். அவர் கருவிகளைக் கொண்டு மனிதர்களின் தலையை அளந்தார். மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். அளவைச் சாதிவாரியாகப் பட்டியலிட்டார். மூக்கின் அகலத்தைக் கொண்டு மனிதனின் மேன்மை கீழ்மையைக் கூறலாம் என்று அந்நாளில் பல அறிஞர்கள் நம்பினர். அந்நம்பிக்கை பிற்கால அறிவியலால் முற்றிலும் ஒதுக்கப்பட்டது. எனினும், பார்வையாளனாக நின்று அறிய வேண்டியவன், அளவுகருவியின் கீழ் நின்ற பொருளானான் என்பதை நாம் மறத்தற்கில்லை. தர்ஸ்டனின் தொகுதிகளை நம்மவர் இன்று தம் வரலாற்றை அறியப் புரட்டுகின்றனர், அது தவறன்று. புரட்டும்போது, அந்த அளவுகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதையும் நினைவில் கொள்ளுதல் நன்று.

பொது இடங்களில் நுழையும் உரிமையே நம் மக்களுக்குப் போராடிப் பெற வேண்டியதாக இருந்தது. 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம், மக்கள் கூடும் பொது இடம் ஆகிய எவற்றிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் செல்வதற்குத் தடையில்லை என்பது அதன் சாரம். அரசாணையாகவும் அது வெளிவந்தது. ஆணை வந்தது ஒரு நாளில். கிணறும் தெருவும் திறக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. தேநீர்க் கடையில் தனிக்குவளை இருந்ததைச் சிறுவனாக நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆகவே, 1924க்குப் பின் அருங்காட்சியகக் கதவு நமக்குத் திறந்துவிட்டது என்று எழுதிவிட்டு மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை.

விளையாட்டு முறைக் கல்வி மட்டும் நம் குழந்தைகளை வியப்பான வகையில் முன்னதாகவே வந்தடைந்தது. பிரம்மஞான சபையின் தலைவரான அமெரிக்கர் கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து வேறு சில பள்ளிகளும் எழுந்தன. அவற்றில் கிண்டர்கார்ட்டன் முறையும், பொருள்களைக் கையில் கொடுத்துப் பாடம் சொல்லும் முறையும் பின்பற்றப்பட்டன. அப்பள்ளிகளில் பணியாற்றிய கோர்ட்ரைட் அம்மையார் அம்முறையை விளக்கி 1906இல் ஒரு நூலே எழுதினார். சிலேட்டும் பிரம்புமே பள்ளிக்கூடம் என்றிருந்த நாளில், சென்னைச் சேரிக் குழந்தைகள் விதையையும் இலையையும் கையில் வைத்துக்கொண்டு கற்றனர் என்பது நாம் பெருமையுடன் எண்ணத்தக்க செய்தி.

இத்தாலிய நாட்டு மருத்துவர் மாண்டிசோரி அம்மையாரின் கதையும் இத்தகையதே. அவர் 1907இல் ரோமாபுரியின் சான் லோரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில், கூலித் தொழிலாளரின் குழந்தைகளுக்காகவே தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். 1939இல் அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று அவர் பெயரைத் தாங்கிய பலகை நம்மூர்ச் சாலைகளில் தொங்குவதைக் காண்கிறோம். அப்பள்ளிகளின் கட்டணத்தைக் கேட்டால், சான் லோரென்சோவின் கூலித் தொழிலாளி வாயிலோடு திரும்பிப் போயிருப்பார்.

இனி அருங்காட்சியகங்களின் மாற்றத்தைக் காண்போம். உலகிலேயே குழந்தைகளுக்கென முதன்முதலாக 1899இல் ஓர் அருங்காட்சியகம் அமெரிக்காவில் புரூக்ளினில் திறக்கப்பட்டது. ஜெர்மனியில் மியூனிக் நகரில் பொறியாளர் ஆஸ்கர் வான் மில்லர் தோற்றுவித்த அருங்காட்சியகம் 1925இல் தன் பெரிய கட்டடத்தில் திறக்கப்பட்டது. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் ஓடும். கைப்பிடியைச் சுழற்றினால் சக்கரம் சுற்றும். இலண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1931இல் குழந்தைகளுக்கெனத் தனிக்கூடம் அமைத்தது. 'தொடாதே' என்ற பலகை இவ்வாறு ஒவ்வொரு சுவராகக் கழற்றப்பட்டது.

இவ்வரிசையில் என் மனத்துக்கு மிக நெருங்கியவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு ஆக்கத்தில் தலைமை வகித்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. தாமும் ஒரு பௌதிக அறிஞர். பொதுவுடைமைத் தொடர்பு காரணமாக 1949இல் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோ மலைநாட்டில் மாடு வளர்த்து வாழ்ந்தார். 1957 முதல் அங்கே ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். பள்ளியில் போதிய கருவிகள் இல்லை. அவர் என்ன செய்தார்? மாணவர்களைப் பழைய பொருள்கள் கொட்டிக் கிடந்த குப்பைமேட்டுக்கு அழைத்துச் சென்றார். உடைந்த கார்களின் உறுப்புகளைப் பொறுக்கி வந்து, அவற்றைக் கொண்டு விசையையும் வெப்பத்தையும் மின்சாரத்தையும் கற்பித்தார். அந்த அனுபவத்தின் வித்திலிருந்தே 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் 'எக்ஸ்ப்ளோரடோரியம்' என்னும் அறிவியல் கூடம் முளைத்தது. அங்கே ஒவ்வொரு பொருளும் குழந்தை கை வைப்பதற்காகவே செய்யப்பட்டது. ஆய்வுக்கூடத்துக்குப் பணமில்லை என்று கையைப் பிசைந்துகொண்டு நின்ற பல ஆண்டுகளில் இவர் கதையை அறியாமற்போனேனே என்று நான் வருந்தியதுண்டு.

நம் நாட்டில் கல்கத்தாவின் பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959இல் திறக்கப்பட்டது. நகரத்துக்கு வர இயலாத கிராமப் பிள்ளைகளைத் தேடி, 1965இல் அது ஒரு பேருந்தில் காட்சிப் பொருள்களை ஏற்றி வங்கத்துச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு அனுப்பியது. நான் படித்த பள்ளிக்கு அப்படி ஒரு பேருந்து வரவில்லை. பெங்களூரின் விசுவேசுவரய்யா அருங்காட்சியகம், 1978இல் உருவான தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழு, சர்வதேசக் குழந்தைகள் ஆண்டான 1979இல் பம்பாயில் அமைந்த அறிவியல் பூங்கா எனப் பணி விரிந்தது. தமிழ்நாட்டில் 1987இல் திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையமும், 1988இல் சென்னைக் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் வந்தன. கோவையில் கொடிசியா வளாகத்தை அடுத்து மண்டல அறிவியல் மையம் வந்தது 2013இல்தான். பல்லடத்துக் குழந்தைக்கு எட்டும் தொலைவில் ஓர் அறிவியல் மையம் கிடைக்க இத்துணைக் காலம் ஆயிற்று.

ஆயினும், கோவைக்குப் பழைய பெருமை ஒன்றுண்டு. வனப் பாதுகாவலராக இருந்த காஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் 1902இல் அங்கே வன அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்றும் காஸ் அருங்காட்சியகம் என்றே அதன் பெயர். குறுக்கே அறுத்த பெருமரத் துண்டுகளின் வளையங்களை எண்ணி மரத்தின் வயதைக் காணலாம்; பாடம் செய்த காட்டெருமையின் முன் நின்று அதன் தோளுயரம் தம் தலைக்கு மேல் இருப்பதைக் குழந்தைகள் அளந்து பார்க்கலாம். பழைய பாணியில் அமைந்த கூடமே எனினும், குழந்தையுடன் செல்லும் பெரியவர் சரியான கேள்வியைக் கேட்டால் அதுவும் விளையாட்டுக் களமே.

கோவையைப் பற்றிப் பேசும்போது ஜி. டி. நாயுடு அவர்களைக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. பல்லடத்துக்கு மேற்கே, சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார்மீது மண்ணை அள்ளி எறிந்த கதையை இப்பகுதியில் சொல்லக் கேட்கலாம். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஓட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். அவருடைய பொறியியல் கல்வி அதுவே. பின்னாளில் பேருந்து நிறுவனமும் மின்மோட்டாரும் கண்டு, 1967இல் கோவை அவிநாசி சாலையில் தொழிற்காட்சியகத்தையும் நிறுவினார். 1974இல் மறைந்தார். அவர் பெயரால் இயங்கும் நிறுவனத்தார் அண்மை ஆண்டுகளில் குழந்தைகள் தொட்டு விளையாடும் அறிவியல் கூடம் ஒன்றையும் அங்கே அமைத்துள்ளனர்.

அம்மேதையை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால், அவர் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். அதே கலங்கலில், அதே ஆண்டில், நம் தெருவில் பிறந்த ஒரு சிறுவனும் அதே மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கியிருந்தால்? அவன் எந்த உணவு விடுதியில் பரிமாறியிருப்பான்? அவன் கை பட்ட தட்டில் யார் உண்டிருப்பர்? அவன் மயக்கம் மோட்டார் சைக்கிளைப் பார்த்த வரப்பிலேயே முடிந்திருக்கும்.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், தொடக்க வகுப்புக் குழந்தைகளை முதன்முறையாக ஓர் அறிவியல் மையத்துக்கு அழைத்துச் சென்றேன். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, 'பார்ப்பதை எல்லாம் எழுதி வர வேண்டும்' என்று கட்டளை இட்டேன். குழந்தைகள் கட்டளையை நிறைவேற்றினர். கூடத்தில் இருந்த விளக்கப் பலகைகளை எழுத்துப் பிசகாமல் பார்த்தெழுதினர். ஒரு கைப்பிடியையும் அவர்கள் சுழற்றவில்லை. பல குழந்தைகள் கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்றனர். 'தொடலாம்' என்று பலகையே கூறியும் தொடவில்லை. தொடாதே, தள்ளி நில் என்று வீட்டிலும் வெளியிலும் கேட்டு வளர்ந்த குழந்தைக்குப் பலகையின் சொல்லை நம்புவது எளிதன்று. திரும்பும் வழியெல்லாம், பிழை என் நோட்டில்தான் என்று எனக்கு உறைத்துக்கொண்டே இருந்தது.

மறுமுறை நோட்டு இல்லை. கப்பியால் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் நாற்காலிகள் மூன்று பூங்காவில் இருந்தன. ஒன்றில் ஒரு கப்பி, மற்றவற்றில் கூடுதல். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதல் நாற்காலியில் அமர்ந்து கயிற்றை இழுத்து இழுத்துத் தோற்றாள். கடைசி நாற்காலியில் சர்ரென்று ஏறினாள். உடன் வந்த ஆசிரியர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார், நான் கையமர்த்தினேன். அவள் இறங்கி மீண்டும் ஏறினாள். நான்காம் முறை இறங்கியபோது அவளாகவே, 'கயிறு நெறைய வருதுங்க சார், நான் கொஞ்சந்தான் மேல போறேன்' என்றாள். விசை குறைந்தால் இழுக்கும் தூரம் கூடும் என்னும் விதியை நான் கல்லூரியில் சூத்திரமாக மனப்பாடம் செய்தேன். எட்டு வயதுக் குழந்தை அதைத் தன் உள்ளங்கையில் கண்டாள். அவளைத் தடுக்காமல் நின்றதே அன்று பெரியவர்கள் செய்த உதவி. 'ஏன் அப்படி?' என்று கேட்டு அடுத்த நாற்காலிக்கு அனுப்பியது இரண்டாவது உதவி.

வீட்டுக்குப் போன அக்குழந்தை தன் பாட்டனிடம் இதைச் சொல்ல, அவர் 'இதென்ன பெரிய காரியம், கவலை ஓட்டினவனுக்குத் தெரியாததா' என்றாராம். உண்மை. கொங்கு நாட்டுக் கிணறுகளில் மின்மோட்டார் வருமுன் கவலை இறைத்தவர்களிலும், அதற்குத் தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்களிலும் நம் முன்னோர் பலர். சரிவான தடத்தில் எருதுகள் இறங்கி நடக்க, அவற்றின் உடல் எடையே நீரை மேலே தூக்குவதற்குத் துணை செய்தது. உருளை விசையின் திசையை மாற்றியது. சாய்தளம், கப்பி, நீர்க்கசிவு தடுக்கும் தையல் எல்லாம் அங்கே இருந்தன. பறையும் அவ்வாறே. வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சும்போது தோலின் ஈரம் நீங்கி இழுவிசை கூடுகிறது; ஓசை உயர்கிறது. ஒலியியல் பாடத்துக்கு இதனினும் நல்ல கருவி எது? பிறர் சாவுக்கு அடிக்கும் கட்டாயத்தை எதிர்த்துப் பறையைக் கீழே வைத்த நம் பெரியோர்கள் செய்தது சரியே. அந்த நிலையை நான் திரும்ப அழைக்கவில்லை. கட்டாயம் ஒழிந்த பின், கருவி குழந்தையின் கைக்கு வருவதில் தவறில்லை என்பதே என் கருத்து. இன்று வரை நான் கண்ட எந்த அறிவியல் கூடத்திலும் கவலையையோ பறையையோ அறிவியல் பொருளாக வைத்துக் காணவில்லை.

அருங்காட்சியகத்துக்குச் செல்ல ஆண்டில் ஒரு நாள் கிடைத்தால் பெரிது. மீதி நாள்களுக்கு வழி வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் கிராமப் பள்ளிகளில் எளிய பொருள்களைக் கொண்டே சோதனைகள் செய்வித்தது. அங்கே 1978இல் சென்று பணியாற்றிய பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் கொண்டு முக்கோணமும் சதுரமும் வீடும் கட்டிக் காட்டினார். முக்கோணம் நெளியாது, சதுரம் நெளியும் என்பதைக் குழந்தை விரலாலேயே அறிந்துகொள்ளும். நம் மாநிலத்திலும் 2007-08இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் செயல்வழிக் கற்றல் வந்தது; 2022இல் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு 'வானவில் மன்றம்' வந்தது. அதற்கும் கீழ்ப்பட்ட வயதினர்க்கே கூடுதல் கவனம் வேண்டும் என்பேன்.

இவற்றை எண்ணியே நம் சங்கத்தின் மாலை வகுப்பு நடக்கும் கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு மரப்பெட்டியைத் திறந்து வைக்கிறோம். பழுதான ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம், விசைத்தறியிலிருந்து கழித்த பல்சக்கரங்களும் ஒரு நாடாவும், கோழிப்பண்ணையில் வேண்டாமென ஒதுக்கிய வெப்பமானி, இரண்டு கண்ணாடித் துண்டுகள், பம்பரங்கள், நுங்குவண்டிகள், ஒரு சிறு பறை ஆகியவை அதில் உள்ளன. நம் ஊர் விசைத்தறித் தொழிலாளர்கள் தம் பிள்ளைகளுக்குத் தாமே வந்து நாடா ஓடும் விதத்தைக் காட்டுகின்றனர். நல்ல உருப்பெருக்குக் கண்ணாடி இல்லை; காந்தங்களும் இன்னும் நான்கைந்து வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய மிதிவண்டி டைனமோ, கடிகாரம், எடைத்தராசு எதுவாயினும் தரலாம். ஓட வேண்டும் என்பதில்லை, கழற்ற முடிந்தால் போதும்.

வரும் கோடை விடுமுறையில் கோவை மண்டல அறிவியல் மையத்துக்கும் காஸ் அருங்காட்சியகத்துக்கும் ஒரு பேருந்து அமர்த்தச் செயற்குழு இசைந்துள்ளது. முதல் ஐம்பது இடங்கள் மூன்றாம் வகுப்பும் அதற்குக் கீழும் பயிலும் குழந்தைகளுக்கு. பேருந்துக் கட்டணம் எவரிடமும் வாங்குவதில்லை. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் வீதம் பத்துப் பேர் உடன் வர வேண்டும். நெடுநேரம் நிற்கவும், பேசாதிருக்கவும் இயன்றவர்கள் முன்கூட்டியே என்னிடம் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.